கைவலியும் மனக்கவலையும்

நெசவாளிக்கும் விவசாயிக்கும் கையே முதல் மூலதனம். தறியும் நிலமும் அதற்குப் பின்னரே வருகின்றன. கடன் பெற்றுத் தறி வாங்கலாம். குத்தகைக்கு நிலம் பிடிக்கலாம். கையை எவரிடத்தும் கடனாகப் பெற இயலாது. நாடாவை ஓட்டும் கை, அச்சை இழுத்து அடிக்கும் கை, நாற்று நடும் கை, களை பறிக்கும் கை, கரும்பு வெட்டும் கை, பால் கறக்கும் கை ஆகிய இவை ஓய்ந்துவிட்டால் வீட்டில் அடுப்பும் ஓய்ந்துவிடும். எனவே ஓர் அங்கத்தினர், "கை வலிக்கிறது" என்று சொல்லும்பொழுது, அவருடைய உடல் நிலையோடு அவருடைய கூலியும், கடன் தவணையும், பிள்ளைகளின் பள்ளிச் செலவும் அச்சொல்லில் அடங்கிவிடுகின்றன.

இத்தகைய அங்கத்தினரைப் பற்றி நம்மிடையே இரண்டு விதமான பேச்சுக்கள் எழுவதை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். ஒரு சாரார், "கை தேய்ந்துவிட்டது, இனி அவ்வளவுதான், அசைத்தால் இன்னும் கெட்டுவிடும்" என்று இரங்கிக் கூறுவர். மற்றொரு சாரார், "வீக்கமும் இல்லை, காயமும் இல்லை, பாவை முடித்துக் கொடுக்க மனமில்லாமல் சொல்லும் சாக்கு" என்று எள்ளி நகைப்பர். முதற் பேச்சு இரக்கத்தினின்றும், இரண்டாவது பேச்சு ஐயத்தினின்றும் பிறப்பவை. ஆயினும் இரண்டும் ஒரே பிழையான கருத்தின்மீது நிற்கின்றன. வலி என்பது சதையிலும் எலும்பிலும் உள்ள சேதத்தின் நேர் அளவு என்பதே அக்கருத்து. சேதம் பெரிதாயின் வலி பெரிது. சேதம் காணப்படாவிடின் வலி பொய் என்று இருசாராரும் கொள்கின்றனர். இக்கருத்து தவறு என்பதையும், இத்தவற்றினால் நம் சங்கங்களின் அங்கத்தினர்கள் அடையும் நஷ்டம் பெரிது என்பதையும், இதனை மாற்றும் வழி ஓரளவு நம் கையிலேயே இருக்கிறது என்பதையும் எடுத்துக்கூற விரும்புகிறோம்.

வலி ஒரு காவலாளி

முதலில் வலியின் பெருமையைச் சொல்லியாக வேண்டும். இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே சிறந்த சான்று உண்டு. 1914ஆம் ஆண்டு கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946ஆம் ஆண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போனவர்களின் கைகளுக்கு, தசைநாண்களை இடம் மாற்றித் தைக்கும் அறுவை சிகிச்சையைச் செய்து, அக்கைகளை மீண்டும் உழைக்கும் கைகளாக்கினார். அதுவரை, தொழுநோய் விரல்களை அழுக வைத்து உதிர்த்துவிடுகிறது என்றே பலரும் நம்பியிருந்தனர். அவரும் அவருடைய சகாக்களும் கண்டறிந்த உண்மை வேறு. நோய் நரம்புகளைத் தாக்கி வலியுணர்ச்சியைப் போக்கிவிடுகிறது. வலியில்லாத கை கொதிக்கும் பாத்திரத்தைப் பிடித்தாலும் விலகுவதில்லை. ஆணி குத்தினாலும் அறிவதில்லை. உறங்கும்பொழுது எலி கடித்தாலும் விழிப்பதில்லை. காயங்கள் மேலும் மேலும் ஏற்பட்டு, அவை கவனிப்பாரற்றுப் போவதாலேயே விரல்கள் குறைந்தன.

ஆகவே வலி நமக்குப் பகையன்று. உடலைக் காக்க நியமிக்கப்பட்ட காவலாளி. ஆனால் காவலாளியின் கூக்குரலும் திருடர்களின் எண்ணிக்கையும் எப்பொழுதும் ஒத்திருக்கும் என்று சொல்ல முடியாது. சில இரவுகளில் திருடன் உள்ளே புகுந்தும் காவலாளி வாய் திறவாதிருப்பான். சில இரவுகளில், முன்னொரு நாள் நேர்ந்த திருட்டினால் அஞ்சியவனாய், இலை அசைந்தாலும் ஊரைக் கூட்டிவிடுவான். வலியும் இத்தன்மையதே.

சேதமும் வலியும் ஒன்றல்ல

இரண்டாம் உலகப் போரில் இத்தாலியப் போர்முனையில் பணியாற்றிய ஹென்றி பீச்சர் என்னும் அமெரிக்க மருத்துவர், கடுங்காயமடைந்த சிப்பாய்களை விசாரித்து 1946ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர்களில் பெரும்பாலோர், வலியைத் தணிக்க மருந்து வேண்டுமா என்று கேட்டபொழுது, வேண்டாம் என்றே கூறினர். பிற்காலத்தில், அறுவை சிகிச்சை செய்துகொண்ட சாதாரண மக்களை அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். காயம் சிறிதாயிருந்தும், அவர்களில் பெரும்பாலோர் மருந்து கேட்டனர். சிப்பாய்க்குக் காயம் என்பது போர்க்களத்தினின்றும் உயிரோடு வீடு திரும்பும் அனுமதிச் சீட்டு. மற்றவருக்கோ அது வாழ்வில் வந்து புகுந்த விபத்து. காயத்துக்கு மனம் கொடுக்கும் பொருள் வேறுபட்டபொழுது வலியும் வேறுபட்டது என்பதே பீச்சர் கண்ட முடிவு.

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. விபத்தில் கையை இழந்தவர்களில் பலர், இல்லாத அந்தக் கையிலேயே கடும் வலி இருப்பதாகக் கூறுவர். விரல்கள் இறுக மூடி நகங்கள் உள்ளங்கையில் பதிவதுபோல் வலிக்கிறது என்பர். அங்கே விரலும் இல்லை, நகமும் இல்லை, வலியோ உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்த டாக்டர் வி. எஸ். ராமச்சந்திரன், 1990களில் இதற்கு ஓர் எளிய உபாயத்தைக் கையாண்டார். ஒரு பெட்டியில் கண்ணாடியை நிறுத்தி, நல்ல கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தோன்றுமாறு செய்தார். நல்ல கையை விரிக்கும்பொழுது, இழந்த கையும் விரிவதுபோல் கண் காண்கிறது. சிலருக்கு அப்பொழுதே இறுக்கமும் வலியும் தணிந்தன. எல்லோருக்கும் இது பயனளிக்கவில்லை. ஆயினும் வலி உண்டாகும் இடம் மூளையே என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுதல் அரிது.

1965ஆம் ஆண்டு ரொனால்ட் மெல்ஸாக், பாட்ரிக் வால் என்னும் இரு அறிஞர்கள் இதற்கு விளக்கம் அளிக்க முயன்றனர். கையிலிருந்து புறப்படும் செய்தி முதுகுத் தண்டில் ஒரு வாயிலைக் கடந்தே மூளைக்குச் செல்கிறது. அவ்வாயிலைத் திறக்கவும் மூடவும் மூளையிலிருந்தும் கட்டளைகள் வருகின்றன என்று அவர்கள் கூறினர். நுட்பமான பல விவரங்கள் பின்னர் திருத்தப்பட்டன. மேலிருந்து கீழே வரும் கட்டளை உண்டு என்னும் அடிப்படை நிலைத்து நிற்கிறது. அச்சம், கவலை, உறக்கமின்மை, சோர்வு ஆகியவை அவ்வாயிலை அகலத் திறக்கின்றன. நம்பிக்கை, மன அமைதி, வேறொன்றில் கவனம் ஆகியவை அதனை ஓரளவு சாத்துகின்றன. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 1979ஆம் ஆண்டிலும், பின்னர் திருத்தி 2020ஆம் ஆண்டிலும் வெளியிட்ட இலக்கணங்களில், வலி என்பது உணர்ச்சியும் மனவெழுச்சியும் கலந்த ஓர் அனுபவம் என்றே கூறுகிறது. ஒருவர் தமக்கு வலி இருப்பதாகக் கூறினால் அதனை மதித்து ஏற்க வேண்டும் என்பதும் 2020ஆம் ஆண்டின் குறிப்புகளில் இடம் பெற்றுள்ளது. நெசவாளிகளுக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பாவு மட்டும் துணியாகாது. ஊடை மட்டும் துணியாகாது. உடலிலிருந்து வரும் செய்தியும் மனத்தின் நிலையும் ஊடும் பாவுமாய்க் கலந்த பின்னரே வலி உண்டாகிறது.

கைநோய்களைப் பற்றிய ஆய்வுகள்

கை மருத்துவர்கள் நோயாளியின் இயலாமையை அளக்க, 1996ஆம் ஆண்டு வெளியான 30 வினாக்கள் கொண்ட ஒரு பட்டியலைப் பயன்படுத்தி வருகின்றனர். புட்டி மூடியைத் திறக்க முடிகிறதா, பாரம் தூக்க முடிகிறதா, எழுத முடிகிறதா, வலி உறக்கத்தைக் கெடுக்கிறதா என்பன போன்ற வினாக்கள் அதில் உள்ளன. விடைகளைக் கூட்டி 0 முதல் 100 வரை மதிப்பெண் கணக்கிடுவர். மதிப்பெண் உயர உயர இயலாமை மிகுதி. முழங்கை வலி, விரல் மடங்கி மாட்டிக்கொள்ளுதல், கட்டைவிரல் தசைநாண் வீக்கம், மணிக்கட்டு எலும்பு முறிவு ஆகிய பல நோய்களில் இவ்வாறு அளந்து பார்த்தவர்கள் ஓர் உண்மையை மீண்டும் மீண்டும் கண்டனர். ஒரே நோய், ஏறத்தாழ ஒரே கடுமை. ஆயினும் ஒருவரின் இயலாமை மற்றொருவரின் இயலாமையினும் மிக அதிகம். இவ்வேறுபாட்டுக்கு உரிய காரணங்களில் மனச்சோர்வும், வலியைக் குறித்த அச்சமும், "இது தீராது, மேலும் மேலும் மோசமாகும்" என்று மனம் திரும்பத் திரும்ப எண்ணுதலும் முக்கிய இடம் பெற்றன. கட்டைவிரலின் அடி மூட்டுத் தேய்மானத்தை எடுத்துக்கொண்டால், எக்ஸ்ரே படத்தில் மூட்டு மிகத் தேய்ந்து காணப்படும் முதியோர் பலர் பெருங்குறையின்றி வேலை செய்கின்றனர்; சிறிதளவே தேய்ந்தோர் சிலர் பெரிதும் துன்புறுகின்றனர்.

இதனினும் விரிவான ஆய்வு ஒன்றைப் பிரிட்டனின் சவுதாம்ப்டன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று நடத்தினர். 18 நாடுகளில் 47 தொழிற்குழுக்களைச் சேர்ந்த பன்னீராயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம், ஏறக்குறைய 2006 முதல் 2011 வரை, ஒரே விதமான வினாக்களைக் கேட்டனர். ஒரு மாத காலத்தில் அன்றாடக் காரியங்களுக்குத் தடையாகும் அளவு மணிக்கட்டிலோ கையிலோ வலி இருந்ததாகச் சொன்ன அலுவலகத் தொழிலாளர்கள், ஒரு நாட்டில் நூற்றுக்கு 2 அல்லது 3 பேர். மற்றொரு நாட்டில் நூற்றுக்கு 30 பேருக்கு மேல். எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே மேசை வேலையே. வேலையின் பாரத்தை மட்டும் கொண்டு இவ்வளவு பெரிய வேறுபாட்டுக்குக் காரணம் கூற இயலவில்லை. ஓரிடத்து மக்கள் வலியைப் பற்றி என்ன நம்புகின்றனர், என்ன கேள்விப்பட்டிருக்கின்றனர், எதற்கு அஞ்சுகின்றனர் என்பனவும் கணக்கில் சேர வேண்டியவை என்று அவர்கள் கருதுகின்றனர்.

அச்சத்தின் சுழல்

மனத்தின் பங்கு எவ்வாறு நிகழ்கிறது என்பதை ஒரு கற்பனை உதாரணத்தால் காண்போம். ஒரே தெருவில் இரு நெசவாளிகள். இருவருக்கும் முழங்கையின் வெளிப்புறத்தில் வலி கண்டிருக்கிறது. டென்னிஸ் ஆட்டத்தின் பெயரால் வழங்கும் இந்நோய் தறியிலும் வயலிலும் சாதாரணமாகக் காணப்படுவதே. பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் பெரும்பாலும் தானே தணிந்துவிடும். முதலாமவருக்கு, இது நாளடைவில் தணியும் என்று ஒருவர் விளக்கிச் சொன்னார். அவர் நாளொன்றுக்கு நெய்யும் அளவைச் சற்றுக் குறைத்தார். இடையிடையே கையைத் தளர்த்தினார். வேலையை முற்றிலும் விடவில்லை. இரண்டாமவருக்கு, "நரம்பு அறுந்துவிடும், கையை அசைக்காதே" என்று யாரோ சொல்லிவிட்டனர். அவர் கையைத் தூளியில் கட்டினார். தறி நின்றது, கூலி நின்றது, கடன்காரர் வாசலுக்கு வந்தார், இரவில் உறக்கம் கெட்டது. அசையாத கையில் தசை மெலிந்தது, மூட்டு இறுகியது. ஒரு மாதம் கழித்துக் கையை அசைத்தபொழுது வலி முன்னினும் மிகுந்தது. "கெட்டுவிடும் என்று சொன்னது மெய்தான்" என்று அவர் முடிவு செய்துகொண்டார். அச்சம் வலியை வளர்த்தது. வலி அச்சத்தை வளர்த்தது.

இவ்விருவருள் எவரும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டாமவரின் வலியும் முதலாமவரின் வலியைப் போலவே மெய்யானது. மனம் வலியைக் கூட்டுகிறது என்றால் மனம் வலியைக் கற்பிக்கிறது என்று பொருளல்ல. அச்சத்தால் நெஞ்சு படபடப்பதை எவரும் பொய் என்பதில்லையே! அன்றியும், சோர்வு வலியைக் கூட்டுவதைப் போலவே வலியும் சோர்வைப் பிறப்பிக்கிறது. முதலில் வந்தது எது என்று ஒருவரை விசாரணைக் கூண்டில் நிறுத்துவதால் ஒரு பயனும் இல்லை.

ஆஸ்திரேலியா கற்ற பாடம்

சமூகத்தின் பேச்சு எவ்வளவு வலிமையுள்ளது என்பதற்கு 1980களில் ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்ததே தக்க சான்று. அங்குத் தட்டச்சுப் பலகைகளில் வேலை செய்தோரிடையே கைவலியும் புயவலியும் திடீரெனப் பெருகின. ஓயாத வேலையால் கை நிரந்தரமாகக் கெட்டுவிடுகிறது என்ற செய்தி பத்திரிகைகளிலும் அலுவலகங்களிலும் பரவியது. 1980களின் நடுப்பகுதியில் உச்சத்தை எட்டிய புகார்கள், அதன் பிறகு சில ஆண்டுகளில் வெகுவாகக் குறைந்துவிட்டன. விரைவாகத் தட்டும் தந்தி இயக்குநர்களைவிட மற்ற ஊழியர்களிடையே வலி மிகுதியாகக் காணப்பட்டதும் ஆராய்ச்சியாளர்களை வியக்க வைத்தது.

இதனைக் கண்டு சிலர், "எல்லாம் நஷ்டஈட்டுக்காகப் போட்ட வேஷம்" என்றனர். இது கொடுமையான தீர்ப்பு. துன்புற்றவர்கள் உண்மையாகவே துன்புற்றனர். நம்பப்படாமையால் இருமடங்கு துன்புற்றனர். எனினும், கை நிரந்தரமாகக் கெட்டுவிடும் என்று அச்சுறுத்தியவர்களும் அவர்களுக்கு நன்மை செய்யவில்லை. அச்சுறுத்தலும் அவநம்பிக்கையும் ஒன்றையொன்று வளர்த்தன; இடையில் நின்ற தொழிலாளியே நசுங்கினார். நம் சங்கங்கள் இப்பாடத்தை விலை கொடாமலே கற்றுக்கொள்ளலாம்.

ஓர் ஆட்சேபம்

"மனத்தைப் பற்றிப் பேசுவது முதலாளிமார்க்கும் அதிகாரிகளுக்கும் வசதியான பேச்சு. கூலி குறைவு, வேலை நேரம் அதிகம், தறியின் இருக்கை கோணல், வெளிச்சம் போதாது என்னும் குறைகளை மறைத்து, குற்றத்தை நெசவாளியின் நெஞ்சில் ஏற்றிவிடலாம் அல்லவா?" என்று அங்கத்தினர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே, மழுப்பாமல் விடை கூறக் கடமைப்பட்டிருக்கிறோம்.

கைக்குப் பாரம் தரும் வேலையால் கை கெடுவது உண்மை. பலமாகப் பிடித்தல், மணிக்கட்டை வளைத்தபடியே ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தல், இடைவிடாது உழைத்தல் ஆகியவை நரம்பையும் தசைநாணையும் பாதிக்கின்றன. ஆகவே தறியைச் சீர்திருத்தும் கடமை சிறிதும் குறையவில்லை. அதற்கு மேலாக ஒன்று சொல்லுவோம். மனக்கவலை ஆகாயத்திலிருந்து இறங்குவதில்லை. நெய்த பீஸுக்கே கூலி என்னும் முறையில், ஒரு வாரம் கை நின்றால் ஒரு வார வருமானம் நிற்கிறது. பாவு குறித்த நாளில் முடியாவிடில் அடுத்த பாவு கிடைக்குமோ என்ற ஐயம் எழுகிறது. 2019-20ஆம் ஆண்டின் நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, இத்தொழிலில் 35 லட்சத்துக்கு மேற்பட்டோர் ஈடுபட்டிருப்பதாகவும், அவர்களுள் பெரும்பான்மையோர் பெண்கள் என்றும் தெரிவித்தது. தறியை விட்டு எழுந்த பெண்ணுக்கு ஓய்வு ஏது? அம்மிக்கும் துவையலுக்கும் அதே கைதான் வேண்டும். வலியை வளர்க்கும் கவலையில் பெரும்பகுதி கூலிப் புத்தகத்திலும் கடன் பேரேட்டிலும் எழுதப்பட்டிருக்கிறது. எனவே மனத்தின் பங்கை ஒப்புக்கொள்ளும் சங்கத்துக்குப் பொறுப்பு குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது.

டாக்டரிடம் தாமதமின்றிச் செல்ல வேண்டியவை

மனத்தின் பங்கைச் சொல்லும்பொழுதே உடலின் எச்சரிக்கைகளை மறந்துவிடலாகாது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றில் மரமரப்பு ஏற்பட்டு இரவில் உறக்கத்தைக் கலைத்தால், அது மணிக்கட்டில் நரம்பு நசுங்குவதன் அறிகுறியாயிருக்கலாம். கட்டைவிரலின் அடிச் சதை மெலிந்து, பிடித்த பொருள் நழுவினால் தாமதிக்கவே கூடாது. நாட்பட்டால் நரம்பின் நஷ்டம் நிலைத்துவிடும். வீக்கத்தோடு காய்ச்சல், முள் குத்திய விரலில் சிவப்பும் துடிப்பும், விழுந்தபின் கை கோணிப்போதல், உணர்ச்சியற்ற தேமல் ஆகியவையும் உடனே காட்டப்பட வேண்டியவை. மார்பில் இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல் இவற்றோடு கையிலும் வலி பரவினால் அது இருதய நோயாயிருக்கக் கூடும். ஒரு கணமும் வீணாக்காமல் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். நீரிழிவு உள்ளோருக்கு விரல் மாட்டிக்கொள்ளுதலும் தோள்மூட்டு இறுகுதலும் அதிகம் வருமாதலால், சர்க்கரையையும் பரிசோதித்துக்கொள்ளுதல் நலம்.

அங்கத்தினர் செய்யத்தக்கவை

பரிசோதனையில் ஆபத்தான நோய் இல்லை என்று தெரிந்தால், அச்செய்தியை மனத்தில் நன்கு பதித்துக்கொள்ள வேண்டும். வலிக்கிறது என்பதும் கெடுகிறது என்பதும் ஒன்றல்ல. சில நாட்கள் பாரத்தைக் குறைத்தல் நன்று. மாதக்கணக்கில் கையைக் கட்டி வைத்தல் தீது. டாக்டர் கட்டு அவசியம் என்று சொன்ன நோய்களுக்கு மட்டும் இது பொருந்தாது. இன்று நெய்த அளவைவிட வரும் வாரம் சிறிது கூட்டலாம் என்று அளவு வைத்துக்கொண்டு முன்னேறுவது, வலியில்லாத நாளில் அளவுக்கு மீறி உழைத்து மறுநாள் படுத்துவிடுவதைவிட மேலானது. உறக்கத்தைக் காத்தல் மருந்துக்குச் சமம்.

மனச் சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் அதனையும் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வெட்கப்பட வேண்டியதில்லை. எண்ணங்களையும் அச்சங்களையும் ஒழுங்கு செய்யும் பேச்சுச் சிகிச்சை நாட்பட்ட வலியை முழுவதும் போக்கிவிடுவதில்லை. பயன் சிறிதே எனினும் பயன் உண்டு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. 2022ஆம் ஆண்டு மத்திய அரசு தொடங்கிய 14416 என்னும் தொலைபேசி எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில் இயன்முறைப் பயிற்சியும் அடங்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்து அறியலாம்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

நிர்வாகக் கமிட்டிகளின் ஆலோசனைக்காகச் சில யோசனைகளை முன்வைக்கிறோம். பெரும் பணச் செலவை வேண்டும் யோசனை ஒன்றும் இவற்றில் இல்லை.

முதலாவது, கைவலியைத் தெரிவிக்கும் அங்கத்தினருக்கு, "உங்கள் பாவுக்கு உள்ள பங்கு போகாது" என்ற உறுதியை முதல் வாரத்திலேயே, இயன்றால் எழுத்து மூலமாக, வழங்க வேண்டும். நூறு ஆறுதல் மொழிகளைவிட இந்த ஒரு வரி வலியைத் தணிக்க வல்லது என்பது நம் உறுதியான அபிப்பிராயம்.

இரண்டாவது, துணைவிதிகள் இடந்தருமளவில், அவர் கடன் தவணையைச் சில மாதம் தள்ளி வைக்க வேண்டும். வாங்கத் திறனற்ற மாதத்தில் வசூலுக்குச் செல்வதால் சங்கத்துக்கு வரவும் இல்லை. அங்கத்தினருக்கு உறக்கமும் இல்லை.

மூன்றாவது, மாற்று வேலை. அகலம் குறைந்த துணி, எளிய கரை, குறைந்த நீளப் பாவு ஆகியவற்றைத் தரலாம்; துணி சரிபார்த்தல், மடித்துக் கட்டுதல், கிடங்குக் கணக்கு முதலியவற்றில் சில மணி நேரம் ஈடுபடுத்தலாம். தார் சுற்றுவதும் கைக்கு ஒரே அசைவைத் தரும் வேலையாதலால், அதையே நாள் முழுவதும் கொடுப்பது மாற்று ஆகாது. விவசாயச் சங்கங்களில், அறுவடைக் காலத்தில் எடை போடுதலும் கணக்கெழுதுதலும் இத்தகையோருக்கு ஒதுக்கப்படலாம். வேலையோடு தொடர்பு அறாதிருப்பதே குணமாவதற்குத் துணை.

நான்காவது, ஆண்டுக்கு ஒருமுறையேனும் தறிகளைப் பார்வையிட்டு, இருக்கையின் உயரம், மிதியின் தூரம், நாடாக் கயிற்றின் கைப்பிடி, வெளிச்சம் ஆகியவற்றைச் சீர் செய்ய வேண்டும். தன் குறையைச் சங்கம் கேட்டுத் திருத்தியது என்ற உணர்ச்சியே நெசவாளிக்குப் பாதி பலம்.

ஐந்தாவது, சொற்களைக் காத்தல். கூட்டத்திலும் கிடங்கிலும் "சாக்கு", "நடிப்பு" என்னும் சொற்கள் ஒழிய வேண்டும். "தேய்ந்துவிட்டது", "அவ்வளவுதான்" என்னும் சொற்களும் அவற்றோடு ஒழிய வேண்டும். மெய்யாகவே ஏமாற்றும் ஒருவர் எப்பொழுதேனும் இருக்கலாம். அவரைப் பிடிப்பதற்காக, மெய்யாக வருந்தும் பலரைச் சந்தேகிக்கும் சங்கம், ஒரு கட்டு நூலைக் காக்கக் கிடங்கையே பூட்டிவிட்டு வியாபாரத்தை நிறுத்தியதற்கு ஒப்பாகும்.

கூட்டுறவு என்பது கடனும் சரக்கும் மட்டும் சேர்ந்ததென்றால், அதனை ஒரு வணிகரே நடத்திவிடலாம். ஒருவர் தனியே சுமக்க முடியாத பாரத்தைப் பலர் பகிர்ந்து சுமப்பதற்காகவே சங்கங்கள் தோன்றின. மருந்து மாத்திரைகளைச் சங்கம் கொடுக்க முடியாது. அது டாக்டரின் காரியம். அச்சத்தைப் பகிர்ந்துகொள்ளுதல் சங்கத்தால் முடியும். அடுத்த நிர்வாகக் கமிட்டிக் கூட்டத்தில் மேற்கூறிய ஐந்தில் ஒன்றையேனும் பொருள் நிரலில் சேர்த்து விவாதிக்குமாறு தலைவர்களையும் காரியதரிசிகளையும் கேட்டுக்கொள்கிறோம். கைவலியை இதுகாறும் மறைத்து வைத்திருக்கும் அங்கத்தினர்கள், இனி அதனை மறைக்க வேண்டாம் என்றும் வேண்டிக்கொள்கிறோம்.